வலிக்கிறதா என்று கேட்கும் வீடு

போட்டி நெருங்க நெருங்க ஒரு பாடிபில்டரின் முகம் ஒட்டிப்போக வேண்டும். கன்னம் குழிய வேண்டும், கண் உள்ளே போக வேண்டும், வீட்டுக்கு வருகிறவர்கள் உடம்புக்கு என்ன என்று கவலையாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் எல்லாம் சரியாகப் போகிறது என்று பொருள். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் என் கணவர் சரவணன் அப்படித்தான் வற்றிப்போவார். அந்த வருடம் அவர் முகம் வற்றவில்லை. காலையில் எழுந்து வரும்போது இமைகள் தடித்திருந்தன. கன்னத்தில் விழுந்த தலையணை மடிப்பு குளித்த பிறகும் அப்படியே இருந்தது.

நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். பெல்ட்டில் நகர்ந்து வரும் மூடிகளில் எது கோணல், எதில் விரிசல் என்று பார்த்து ஒதுக்க வேண்டும். நல்ல மூடியைச் சந்தேகப்பட்டு ஒதுக்கினால் யாரும் திட்ட மாட்டார்கள். கெட்ட மூடியை நம்பி விட்டுவிட்டால் சூப்பர்வைசர் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். அதனால் எதையும் முதலில் நம்பாமலிருப்பது எனக்குப் பழகிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் என்னை 'இன்ஸ்பெக்டரம்மா' என்றுதான் கேலி செய்வார்.

ஆகவே அந்த உப்பிய முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம் குடி. புதுச்சேரியில் ஓர் ஆணின் முகம் காலையில் உப்பியிருந்தால் அக்கம்பக்கம் முதலில் நினைப்பது அதைத்தான். நானும் இந்த ஊர்க்காரிதானே. அவர் ஜிம்மிலிருந்து வரும்போது செருப்பு எடுத்து வைக்கிற மாதிரி பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். வியர்வையும் வலி ஸ்ப்ரேயும்தான் அடித்தது.

அடுத்த சந்தேகம் ஸ்டீராய்டு ஊசி. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஜிம்மில் அவர் பயிற்சியாளர். அங்கே வருகிற பையன்களில் சிலர் ஒரே வருடத்தில் இரண்டு பங்காக வளர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். "நான் அந்தப் பக்கமே போறதில்ல" என்று அவர் சொல்வார். சொல்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்?

அவர் குளிக்கப் போன நேரத்தில் ஜிம் பையைக் கொட்டிப் பார்த்தேன். இடுப்பு பெல்ட், கைக்குச் சுற்றும் பட்டை, புரதப் பவுடர் கலக்கும் குப்பி. அடியில் பழைய பேப்பரில் சுருட்டி, உடைத்த கண்ணாடிக் குப்பிகள் மூன்று நான்கு. ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேராக மருந்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "வலி ஊசிம்மா இது. முதுகு வலி, மூட்டு வலிக்குப் போடறது. யாருக்கு, உங்க மாமியாருக்கா?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய கண்டத்தைத் தாண்டியது போல இருந்தது. அட, வலி ஊசிதானா. வீட்டுக்கு வந்து அவருக்குச் சிரித்த முகமாக முட்டை வெள்ளை அவித்துக் கொடுத்தேன். அவர்தான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அதே மருந்தின் மாத்திரை அட்டை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலே, என் ஹேர்பின் டப்பாவுக்குப் பக்கத்தில், எப்போதும் கிடக்கும். ஒளித்து வைத்ததே இல்லை. தினமும் ஹேர்பின் எடுக்கும்போது அதை நகர்த்திவிட்டுத்தான் எடுப்பேன். ஒளித்து வைத்ததைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு அது கண்ணில் படவே இல்லை.

அந்த மாத்திரை வந்த கதை இது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, பெஞ்சில் படுத்து எடை தூக்கும்போது அவருக்கு வலது தோளில் ஏதோ 'டக்' என்று ஆகியிருக்கிறது. ஓய்வெடுத்தால் உடம்பு இறங்கிவிடும் என்று பயந்து, யாரோ கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளே போய்த் தூக்கியிருக்கிறார். அன்றிலிருந்து அது பழக்கம். ஜிம்மில் இது ரகசியமே இல்லை. ஒருவர் அட்டையைக் கிழிக்கும்போது பக்கத்திலிருப்பவர் "எனக்கும் ஒண்ணு குடு" என்று கை நீட்டுவார். டீ வாங்கிக் கொடுப்பது போலத்தான். வலியோடு தூக்குகிறவன் வீரன், வலியைச் சொல்லி நிறுத்துகிறவன் சோம்பேறி என்பது அங்கே எழுதாத சட்டம்.

நான் பையைக் கொட்டுவதற்கு முன்பே காலும் வீங்க ஆரம்பித்திருந்தது. சாக்ஸைக் கழற்றினால் அதன் பட்டை கெண்டைக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். என் மாமியாருக்குத் திருஷ்டி மேல் சந்தேகம். தெருமுனையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் அவர் மகன் எண்ணெய் தடவிய உடம்போடு, கையை மடக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஜட்டியோட புள்ளைய நடுத்தெருவுல நிக்க வச்சா ஊர் கண்ணு படாம இன்னா பண்ணும்?" என்று பூசணிக்காய் வாங்கி வந்து சுற்றி உடைத்தார்.

மாஸ்டருக்கு என் மேல் சந்தேகம். மாஸ்டர் என்பது என் கணவருக்குப் போட்டிப் பயிற்சி கொடுப்பவர், அந்த ஜிம்மின் உரிமையாளர். வீட்டுக்கு வந்து என் கணவரின் கணைக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, சாப்பாட்டுல உப்பு போட்டியா?"

"போடலண்ணா."

"துளிகூட?"

"நீங்க சொன்ன மாதிரி கோழியையும் பீன்ஸையும் வெறும் தண்ணில வேக வச்சுக் குடுக்கறேன். நாய்கூடத் தின்னாது. இதுல உப்பு எங்கேருந்து வரும்?"

"அப்ப வெளில எங்கியோ தின்னுருக்கான். தோலுக்கடியில தண்ணி கோத்துக்கினு இருக்குது பாரு."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தின்னவில்லை என்று சொன்னார். மாஸ்டர் நம்பவில்லை. எனக்கும் அரைச் சந்தேகம்தான். பஜ்ஜி என்றால் அவருக்கு உயிர்.

இந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடையேறுவதற்கு முந்தைய நாட்களில் இவர்கள் உப்பை நிறுத்துவார்கள், பிறகு தண்ணீரையும் குறைத்துக்கொண்டே வருவார்கள். தோல் தசையோடு ஒட்டி, நரம்பும் வரியும் தெரிய வேண்டும் என்பதற்காக. உடம்பு நீர் கோத்தால் 'உப்புத் தின்றுவிட்டான்' என்பதைத் தவிர இவர்களுக்கு வேறு காரணம் தோன்றாது. சிறுநீரகம் செயலிழந்து வந்ததால் வீங்கிய ஒரு மனிதனைப் பார்த்து, மாஸ்டர் வழக்கத்துக்கு முன்னாலேயே தண்ணீரை நிறுத்தச் சொன்னார். வீக்கம் கூடியது. இன்னும் குறைக்கச் சொன்னார். வறண்ட உடம்போடு போஸ் பழகியதில் தோள் வலி அதிகமானது. மாத்திரை போதாமல், நான் பையில் கண்ட அந்த ஊசிக்கு அவர் போனது இந்த நாட்களில்தான்.

நான் அடம்பிடித்து ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தேன். வீக்கம் கூடக் கூடப் பழைய சந்தேகம் திரும்பியிருந்தது, உள்ளுக்குள் ஸ்டீராய்டு மாட்டிவிடும் என்று நினைத்தேன். வந்த முடிவில் கிரியேட்டினின் (தசைகளின் அன்றாட வேலையில் ரத்தத்தில் சேரும் கழிவு, இதைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும்) இருக்க வேண்டிய அளவைவிட அதிகமாக இருந்தது. லேபில் இருந்த பெண், "டாக்டரைப் பாருங்க" என்றாள்.

மாஸ்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். "சதை இருக்கறவனுக்கு கிரியேட்டினின் ஏறத்தான் செய்யும் தங்கச்சி. இந்த நார்மல் எல்லாம் ஆபீஸ்ல உக்காந்துக்கினு இருக்கறவனுக்குப் போட்டது. என்னுதும் இப்படித்தான் இருக்குது. நான் நல்லாத்தான இருக்கேன்?"

நான் அவரை நம்பாமல் போனில் தேடினேன். தசை அதிகமுள்ளவர்களுக்கு அந்த அளவு சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்றுதான் அதிலும் போட்டிருந்தது. 'சற்று' என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று போனை மூடிவிட்டேன்.

போட்டியன்று மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உடம்பு முழுக்கக் காவி கலந்த பழுப்புச் சாயம் பூசி, எண்ணெய் தடவி, மற்றவர்களோடு வந்து நின்றார். மற்றவர்கள் வயிற்றில் எல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது. அவருடையது மழுமழுவென்று இருந்தது. வலது கையைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் சிரித்தார். அது வலிக்கும்போது சிரிக்கும் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் போனபோது ஒரு வாளியின் முன் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். எடுக்க ஒன்றுமில்லை, மஞ்சள் தண்ணீர்தான்.

"இரும்ப நக்கின மாதிரி இருக்குது வாயெல்லாம்" என்றார்.

"கடைசியா எப்பங்க ஒண்ணுக்குப் போனீங்க?"

யோசித்தார். "காலைல... இல்ல, நேத்து. நேத்து காலைல." பிறகு ஏதோ நியாயம் போல, "தண்ணி குடிச்சாதான வரும்?" என்றார்.

அப்போது எனக்கு வந்தது சந்தேகமில்லை, பயம். மேடைச் சாயத்தைக்கூடக் கழுவாமல், மேலே ஒரு சட்டையை மாட்டி, ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

அவசரப் பிரிவில் நர்ஸ் அவரைப் பார்த்துத் திகைத்துவிட்டார். "இது இன்னாம்மா கலர்?" என்று கேட்டார். ரத்தம் இருக்கிறதா, மஞ்சள் காமாலையா என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பஞ்சை நனைத்துத் தேய்த்துத் தேய்த்து முன்கையில் ஓர் உள்ளங்கையளவு இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த இடம் சாம்பல் பூத்து வெளிறியிருந்தது. படுக்கை விரிப்பெல்லாம் பழுப்பு. விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து வந்து வராந்தாவில் காத்திருந்தவர்கள், மலை மாதிரி உடம்போடு ஒரு மனிதன் சக்கர நாற்காலியில் போவதை எழுந்து நின்று பார்த்தார்கள்.

சிறுநீரக மருத்துவர் ஒரு பெண். அவர் வார்டுக்குள் நுழையும் முன்பே வழியில் மறித்தேன்.

"டாக்டர், இவர் ஸ்டீராய்டு ஊசி போடறார். கேட்டா ஒத்துக்க மாட்டார். நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கல. ஆனா நிச்சயமா போடறார்."

"சரி, கேக்கறேன்" என்று உள்ளே போனார். நான் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

என் கணவர் அம்மா மேல் சத்தியம் செய்து இல்லை என்றார். நான் நம்பவில்லை. டாக்டர் நம்பினாரா என்று தெரியவில்லை, அதற்கு மேல் கேட்கவில்லை. என் கணவர் வலது கையை மடியில் அணைத்து வைத்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தோள் வலிக்குமா?"

"வலிக்கும் மேடம். ரொம்ப வருஷமா."

"அதுக்கு என்ன போட்டுக்கறீங்க?"

அவர் ஒளிக்காமல், கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். "ஒர்க்கவுட்டுக்கு முன்னாடி காலைல ஒரு மாத்திரை. சாயங்காலம் ஒண்ணு. வெயிட் அதிகம் போடற நாள்ல ரெண்டு. இப்ப போட்டிக்காக ஊசி."

"ஊசி யார் போடறது?"

"ஜிம்ல பசங்களே ஒருத்தருக்கொருத்தர் போட்டுப்போம்."

"எவ்வளவு நாளா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து மேடம்" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். கல்யாண தேதி கேட்டால் நான் சொல்ல வேண்டும் என்பது போல.

டாக்டர் பேனாவை மூடி கோட்டுப் பையில் வைத்தார்.

பிறகு வராந்தாவில் எனக்கு விளக்கினார். இந்த வகை வலி மருந்துகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைச் சுருக்கும். தண்ணீரையும் நிறுத்தினால் இருக்கிற கொஞ்ச ரத்தமும் போகாது. அதோடு இவருக்கு இடைத்திசு அழற்சி (மருந்து ஒவ்வாமல் சிறுநீரக வடிகட்டிகளுக்கு நடுவேயுள்ள சதை வீங்குவது) இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். பயாப்ஸி (ஊசியால் உறுப்பிலிருந்து துளி சதையெடுத்துச் சோதிப்பது) செய்து அதை உறுதி செய்தார்கள்.

எனக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. வலி மாத்திரையா? ஊரே போடுகிறதே. தலைவலிக்குப் போடுகிறார்கள், பல்வலிக்குப் போடுகிறார்கள். ஏதோ பெரிய விஷயத்தை மறைக்க இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்கிறார்களோ என்று டாக்டரையே சந்தேகப்பட்டேன். துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தேன். பாதி காலியான அட்டை அங்கேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நீட்டினேன். "இதா?" என்றேன். "இதுதான்" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு ஜிம் பை இருக்கலாம். அதைக் கொட்டிப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நான் யார் சொல்வதற்கு? ஆனால் 'என்ன ஊசி போடுகிறாய்?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'எங்கே வலிக்கிறது, அதற்கு என்ன செய்கிறாய்?' என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர்கள் முறைப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு உட்கார்ந்து கதை சொல்வார்கள்.

கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து உடம்புக்குத் திருப்புவது) தொடங்கியது. அந்தச் சமயத்தில் நர்ஸ் ஒரு புதிய மருந்தைக் கொண்டுவந்தார். என்ன மருந்து என்று கேட்டேன். "ஸ்டீராய்டும்மா" என்றார்.

நான் கையால் மறித்துவிட்டேன். எதைத் தேடி நான் பையைக் கொட்டினேனோ, அதை இவர்களே அவருக்கு ஏற்றுவதா? டாக்டர் வரும்வரை விடமாட்டேன் என்று நின்றேன். டாக்டர் வந்து பொறுமையாகச் சொன்னார்.

"ஜிம்ல போடறது வேற குடும்பம், இது வேற குடும்பம் மாலா. இது சதையை வளர்க்காது. வீக்கத்தை அடக்கும். சொல்லப்போனா இருக்கற சதையைக்கூடக் கரைக்கும்."

கடைசி வார்த்தை என் கணவர் காதில் விழுந்துவிட்டது. கழுத்துக் குழாயோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிறுநீரகம் நின்றுவிட்டது என்று சொன்னபோதுகூட அழாதவர், அப்போது தோள் குலுங்க அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. உயிர் போகிற இடத்தில் சதைக்கு அழுகிறாரே என்று. பிறகு யோசித்தபோது, பதினெட்டு வயதிலிருந்து அவர் கட்டிய வீடு அது ஒன்றுதான் என்று தோன்றியது.

மாஸ்டர் மருத்துவமனைக்கு வந்தார். தூரத்தில் பார்த்ததுமே எனக்கு ரத்தம் கொதித்தது. ஜிம் பெயரை வெளியே சொல்லாதே என்று என் கணவரின் வாயை அடைக்கத்தான் வருகிறார் என்று முடிவு செய்து, வாசலிலேயே வழியை மறித்து நின்றேன்.

"உப்பு போட்டியான்னு கேட்டது தப்பு தங்கச்சி" என்றார். பிறகு அங்கேயே நின்றார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"இன்னா வேணும்ணா?"

"அந்த டாக்டரம்மா இருக்காங்களா? எனக்கும் ஒரு தரம் பார்த்துட்டா தேவல."

குனிந்து பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அவர் காலிலும் சாக்ஸின் பட்டை பள்ளமாகப் பதிந்திருந்தது. வழியை விட்டு விலகினேன். டாக்டரின் அறையைக் காட்டினேன். அவருடைய கிரியேட்டினினும் வெறும் சதையால் ஏறியதில்லை என்று பிறகு தெரிந்தது. நல்ல வேளையாக, அவரும் போட்டுவந்த அந்த மாத்திரையை நிறுத்தியதோடு போயிற்று. அந்த ஜிம்மில் எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். மாஸ்டர் சொல்லிப் பார்க்கிறார். பையன்கள் அவர் தலை மறைந்ததும் அட்டையைக் கிழிக்கிறார்கள் என்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஒரு காலையில் என் கணவருக்குச் சிறுநீர் வந்தது. அளவு ஜாடியின் அடியில் கொஞ்சமாக, கலங்கலாக. மறுநாள் அதைவிட அதிகம். புருஷன் மூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு முழுக்கச் சிரித்துக்கொண்டு போவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவரை வைத்தியத்துக்கு அனுப்பியிருப்பேன். கழுத்துக் குழாயை எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். சிறுநீரகம் ஏறக்குறையப் பாதி திரும்பியிருக்கிறது. முழுசாக வராது. இருப்பதை வைத்துப் பல வருடம் ஓட்டலாம். ஆனால் இன்னொரு முறை அந்த வகை வலி மருந்தைப் போட்டால், வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ்தான். "ஒரு அட்டை போதும்" என்றார். இனிமேல் சிஸ்டாட்டின் (தசையின் அளவு எப்படி இருந்தாலும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) என்ற சோதனையும் எடுக்க வேண்டும் என்றார். சதை என்று சாக்குச் சொல்ல அதில் வழியில்லை என்பதால் எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

மாத்திரை நின்றதும் தோள் வலி தன் முழு உருவத்தோடு வந்து உட்கார்ந்தது. ஸ்கேன் எடுத்ததில், தோளில் தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் நார்) பல வருடம் முன்பே கிழிந்திருப்பது தெரிந்தது. கிழிந்த நாரோடுதான் அத்தனை பதக்கமும். மாத்திரை அதை அவரிடம் சொல்லவிடவில்லை. இப்போது அவரால் தலை வாரக்கூட முடியவில்லை. நான்தான் வாரிவிட்டேன். சட்டையின் வலது கையை நான்தான் மாட்டிவிட்டேன். புரண்டு படுக்கும்போதெல்லாம் முனகுவார்.

அந்த முனகல் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உங்களில் சிலருக்காவது புரியும். வலிக்கிறது என்றால் அவர் எதையும் போடவில்லை. முகத்தைச் சுளித்தால் நான் தைரியமாக வேலைக்குப் போவேன். பெல்ட் முன்னால் நிற்கும்போதும் அந்தச் சுளிப்பை நினைத்துக்கொள்வேன்.

பிசியோதெரபிக்குப் போகத் தொடங்கி மாதங்கள் ஆயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் அவர் ஈரப் போர்வையைக் கொடியில் போடுவதைப் பார்த்தேன். வலது கை தலைக்கு மேலே போயிற்று. போர்வையை உதறினார். இழுத்து நேராக்கினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. வாயில் ஏதோ பாட்டு.

கீழே வந்து ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தேன், வண்டி சீட்டுக்கு அடியில் பார்த்தேன், சட்டைப் பைகளைத் துழாவினேன், அரிசி டப்பாவில்கூடக் கைவிட்டேன். ஒன்றும் இல்லை. இல்லாததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவர் காலி வாளியோடு இறங்கி வந்தார்.

"வலிக்கலயா?" என்றேன்.

"இல்ல."

"ஏன் வலிக்கல?"

சிரித்துவிட்டார். "புருஷனுக்கு ஏன் வலிக்கலன்னு கேக்கற பொண்டாட்டிய இப்பதான் பாக்கறேன்." பிறகு என் கையில் ஒட்டியிருந்த அரிசித் தவிட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "போடல மாலா."

"டெஸ்ட் எடுத்துடலாம்ங்க."

மறுநாள் நான் வண்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வந்தார். லேபில் தானே சட்டைக் கையைச் சுருட்டிக் கொடுத்தார். முடிவில் எல்லாம் முன்பிருந்த இடத்திலேயே நின்றது, ஒரு புள்ளிகூட ஏறவில்லை. பிசியோதெரபி பெண்ணும், தோள் நன்றாகத் தேறிவருகிறது, இனி வலி குறையத்தான் செய்யும் என்றாள்.

அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் சுவர்மேல் உட்கார்ந்திருந்தோம். அவர் பழைய சட்டைக்குள் தொளதொளவென்று இருந்தார். முன்பு தெரிந்தவர்கள் கடந்து போனார்கள், சிலர் அடையாளம் தெரியாமலே.

"வலி இல்லன்னு சொல்றதுக்கும் இனிமே ரிப்போர்ட் வேணும் போல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"பயமா இருக்குங்க" என்றேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு இப்போது வருடம் என்பது போட்டி சீசனால் பிரிவதில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரைக்கும் ஓடுகிறது. முடிவு வந்த புதிதில் நான் நன்றாகத் தூங்குகிறேன், அவரோடு சினிமாவுக்குப் போகிறேன், சண்டைகூடப் போடுகிறேன். நாட்கள் போகப் போக என் கண் அவர் தோளின் மீதே போய் நிற்கிறது. அவர் உடம்பை அவரைவிட நான்தான் அதிகம் கவனிக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

சமீபத்தில் சில நாட்களாகக் காலையில் எழும்போது அவர் "ஸ்ஸ்" என்று முகத்தைச் சுளிக்கிறார். காபி வாங்கும்போது தோளைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார். வலி திரும்பிவிட்டதே என்று நியாயமாக நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. அப்படியே நாலைந்து காலை போயிற்று.

இன்று காலை தோசைக்கல்லின் முன் நின்றபடி திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்து, தேய்த்துக்கொண்டிருந்தார். வலி வலது தோளில். அவர் தேய்த்தது இடது தோளை.

அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். இரண்டு காரணம் இருக்கலாம். வலியில்லாத என் புருஷன், நான் பயப்படக் கூடாது என்று எனக்காக வலிக்கிற மாதிரி நடிக்கிறார். இல்லையென்றால், எதையோ போட்டுக்கொண்டு வலி போய்விட்டதை மறைக்க நடிக்கிறார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இத்தனை வருடம் மூடி பார்த்த கண்ணால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை மாதக் கடைசியில்.

"ரொம்ப வலிக்குதாங்க?" என்றேன். எந்தத் தோள் என்று கேட்கவில்லை.

"லேசாதான்" என்றார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து, அவர் பின்னால் உட்கார்ந்து, அந்த இடது தோளிலேயே நன்றாகத் தேய்த்துவிட்டேன்.